வேலியோரப் பாத்தியும் ஒரு மூட்டை எச்சில் இலையும்

எங்கள் வீட்டு முன்புறத்தில் வேலியை ஒட்டி மூன்றடி அகலத்துக்கு மண் இருக்கிறது. நீளம் ஒரு கார் நிற்கும் அளவு, அதற்கு மேல் கொஞ்சம். மலேசியாவில் கிள்ளானில் இந்தத் தாமான் குடியிருப்பில் எங்கள் வரிசையில் பதினெட்டு வீடுகள். பதினேழு வீட்டு வாசலில் கேட்டிலிருந்து கதவு வரைக்கும் சிமெண்டுதான். ஏன் என்று கேட்டால் இரண்டாவது கார், மூன்றாவது கார் என்பார்கள். கணவர் தவறியதும் இருந்த ஒரு காரையும் நான் விற்றுவிட்டேன். அதனால் என் மண் தப்பித்தது.

பாத்தியின் மூலையில் சிவப்புச் செம்பருத்தி. அதை அடுத்து கறிவேப்பிலை, ஒரு மல்லிகைப் புதர், மீன் குழம்பு வைக்கும் நாளில் வாசனைக்குக் கிள்ளிப் போடும் பாண்டான் இலை, கடைசியில் துளசி. மாதா கோயிலுக்குப் போகிறவள் வீட்டில் துளசி எதற்கு என்று என் நாத்தனார் ஒரு தடவை கேட்டாள். பக்கத்து வீட்டு அக்காவுக்கு என்றேன். அப்படியானால் அவள் வீட்டில் நடக்கூடாதா என்றாள். அவர் வீட்டில்தான் மண்ணே இல்லையே.

பக்கத்து வீட்டு அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவர். மகன், மருமகளோடு இருக்கிறார். மருமகளுக்குக் கார் வாங்கியபோது அவர்கள் வாசலை மூடிவிட்டார்கள். இரண்டு தொட்டி மிச்சம் வைத்திருக்கிறார், இரண்டிலும் பூ கிடையாது. தினமும் காலை ஏழு மணிக்குக் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு, ஒரு சின்ன எவர்சில்வர் தட்டை எடுத்துக்கொண்டு என் கேட்டைத் திறந்து வருவார். ஐந்து செம்பருத்தி, ஒரு கொத்துத் துளசி. செடியில் இருபது பூ இருந்தாலும் ஆறாவதைத் தொட மாட்டார். நான் ஜன்னலோரம் நின்று காபி குடித்தபடி பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த நேரத்தில் நாங்கள் பேசிக்கொள்வதில்லை. பூசை முடியும் வரை அவர் வீண் பேச்சு பேச மாட்டார், காபி முடியும் வரை நானும் பேச மாட்டேன்.

போன வருடம் நடுவில் எனக்கு முழங்கால் போனது. டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து, இனிமேல் குந்தவே கூடாது என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ஆனால் புல்லுக்கு யார் சொல்வது? கிள்ளானில் ஒரு வாரம் மழை பெய்தால் புல் கணுக்கால் வரைக்கும் வந்துவிடும். குந்தாமல் புல் பிடுங்க எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் காலை, அக்கா பூப் பறித்துப் போன பிறகு, மூலையில் குந்தி உட்கார்ந்து பிடுங்கினேன். எழுந்திருக்கும்போது முழங்கால் பூட்டிக்கொண்டது. செம்பருத்திக்கும் வேலிக்கும் நடுவில் பக்கவாட்டில் விழுந்தேன். கைபேசி உள்ளே மேசையில். கத்துவதற்கு வெட்கம். விழுந்தபோது முகத்தில் நிழல் இருந்தது, துணி காயப்போட வந்த அக்கா வேலி வழியாக என்னைப் பார்த்தபோது முகத்தில் வெயில். அரைமணி நேரம் இருக்கும்.

அவர் ஓடி வந்து, என்னைத் தூக்கி உட்காரவைத்து, சேற்றைத் துடைத்துவிட்டார். எனக்கு முதலில் வாயில் வந்தது இதுதான்.

"மகன்கிட்ட சொல்லிடாதீங்க அக்கா."

"சரி," என்றார்.

என் மகன் காஜாங்கில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடியும் நேரத்துக்குச் சரியாகக் கோயில் வாசலில் கார் வந்து நிற்கும். நல்ல பிள்ளைதான், ஆனால் ஒன்றைத் தீர்மானித்துவிட்டால் அப்பாவை உரித்து வைத்தாற்போல் அசைய மாட்டான். அதற்கடுத்த ஞாயிறு சாப்பிட்டு முடித்ததும் வாசலுக்குப் போய், இடுப்பில் கை வைத்துக்கொண்டு பாத்தியைப் பார்த்தான்.

"ம்மா, இந்த எடத்த சிமெண்டு போட்டுடலாம்மா."

"எதுக்கு?"

"புல்லப் பாருங்க. உள்ள பாம்பு படுத்திருந்தாக்கூட தெரியாது."

"பாம்பு வந்தா நான் பேசிக்கறேன். நீ ஞாயித்துக்கிழமைதான வர்ற."

அவன் சிரிக்கவில்லை. தீபாவளிக்கு முன்னால் தாமானில் எல்லா வீட்டிலும் ரிப்பேர் வேலை நடக்கும். தெரிந்த காண்ட்ராக்டர் அந்தப் பக்கம் வரும்போது நம் வீட்டையும் முடித்துவிடலாம் என்றான். எனக்குச் சுருக்கென்றது. நான் பிறந்தது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில், கல்யாணமாகி இருபது வருடம் இருந்தது அடுக்குமாடியில் நான்காவது மாடியில். மண் என்று எனக்குச் சொந்தமாக இருப்பது இந்த மூன்றடிதான். அதை விட மாட்டேன் என்று சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். கடைசியில் அவன் ஒரு கெடு வைத்தான்.

"புரட்டாசி முடியற வரைக்கும் பாக்கறேன். நீங்க குந்தாம இந்தப் புல்ல அடக்கிட்டீங்கன்னா இருக்கட்டும். இல்லன்னா சிமெண்டு. அப்புறம் அழக்கூடாது."

"யாரு அழப்போறா," என்றேன்.

கறிவேப்பிலைச் செடி வாங்கிய கடை காப்பார் சாலையில் இருக்கிறது. அங்கே போய்ப் புல் சாவதற்கு மருந்து இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் என் காலையும் கையில் இருந்த குடையையும் பார்த்தார்.

"மருந்து அடிச்சா கறிவேப்பிலைய எப்படி ஆன்டி சாப்பிடுவீங்க? மல்ச் போடுங்க லா. மண்ண மூடிட்டீங்கன்னா வெளிச்சம் போகாது, புல்லு வராது. நின்னுக்கிட்டே செய்யலாம்."

எதைப் போட்டு மூடுவது என்று கேட்டதற்கு மரப்பட்டைத் துண்டு அடைத்த பையைக் காட்டினார். காசு கொடுத்துக் குப்பை வாங்க எனக்கு மனம் வரவில்லை. மக்கிப் போகிற எதுவானாலும் சரி என்று அவரே சொன்னார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மக்கிப் போகிற பொருள் எங்கே கிடைக்கும் என்று நான் ரொம்ப யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வாரத்தில் மூன்று நாள் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் இன்னமும் வேலை பார்க்கிறேன். அலுவலகம் மாடியில், கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. அதன் பின்பக்கச் சந்து வழியாகத்தான் நான் ஏறி இறங்குவது. அங்கே ஒருவர் முக்காலியில் உட்கார்ந்து காலை முழுக்க இலை நறுக்குவார். முழு இலையை நடுத்தண்டிலிருந்து கிழித்து, பந்திக்கு வேண்டிய அளவுக்கு வெட்டி அடுக்குவார். தண்டும், கிழிந்த ஓரமும், பழுத்த நுனியும் ஒரு வெள்ளைச் சாக்கில் விழும். சாயங்காலம் குப்பை லோரியில் போகும். எத்தனை வருடமாக அந்தச் சாக்கைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

"அண்ணே, இந்த மூட்டைய நான் எடுத்துக்கட்டுமா?"

"எதுக்கு அக்கா, ஆடு வளக்கறீங்களா?"

"மண்ணுக்கு."

அவர் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். மண்ணுக்கு என்றதும் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. அன்றிலிருந்து எனக்கென்று தண்டைச் சின்னதாக நறுக்கிப் போட்டு, சாக்கின் வாயை வாழைநாரால் கட்டி, படிக்கட்டுக்கு அடியில் வைத்துவிடுவார்.

கே.எல். சென்ட்ரலில் கொம்யூட்டர் ரயிலில் பெண்கள் பெட்டியில் மூட்டையோடு ஏறினேன். பக்கத்தில் இருந்த பெண் வீட்டில் கல்யாணமா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பெட்டி முழுக்கப் பச்சை வாழையிலை வாசம் அடிக்கும்போது புல்லைப் பற்றி விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

முதல் வாரம் புடவைக் கடைகளில் கழித்துப் போட்ட அட்டைப் பெட்டிகளைக் கொண்டுவந்து, பிளாஸ்டிக் டேப்பை உரித்து, நனைத்து, புல்லின் மேலேயே விரித்தேன். அதன் மேல் இலை. நீளக் கைப்பிடி வைத்த புல்வாரி ரேக்கால் நின்றுகொண்டே தள்ளித் தள்ளிப் பரப்பினேன். வேலை முடிந்ததும் பாத்தி பந்தி போட்ட மாதிரி இருந்தது. நான்கு நாளில் இலை பழுப்பாகி, சுருங்கி, பாதி உயரத்துக்கு இறங்கிவிட்டது. மறுபடி மூட்டை. மறுபடி ரயில்.

எனக்கு எதையும் அளவாகச் செய்யத் தெரியாது. கறிவேப்பிலைமேல் எனக்குக் கொஞ்சம் பிரியம் அதிகம் என்பதால் அதன் தண்டைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குக் குவித்தேன். மூன்றாவது வாரம் இலை மஞ்சளடித்தது. குவியலைத் தள்ளிப் பார்த்தால் தண்டில் வெள்ளையாகப் பூஞ்சை, விரலால் தொட்டால் பட்டை நெகிழ்கிறது. செடிக்கடைக்காரருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். கழுத்து வரைக்கும் போர்த்திவிட்டால் யாருக்கு மூச்சு முட்டாது ஆன்டி, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளியே போடுங்கள் என்று குரல் பதிவில் பதில் வந்தது. சிரித்துக்கொண்டே வேறு சொல்கிறார். தள்ளிப் போட்டேன். செடி பிழைத்தது. ஆப்பிரிக்க நத்தைகள் வந்தன, இலைக்கடியில் பகலெல்லாம் தூங்கின. காலையில் இடுக்கியால் எடுத்து உப்பு வாளியில் போட்டேன். இதையெல்லாம் நின்றுகொண்டேதான் செய்தேன்.

ஒரு மாதம் போனதும் பாத்தியில் புல் இல்லை. வேலியோரம் நாலைந்து இழை எட்டிப் பார்க்கும், அதன் தலையிலும் ஒரு கை இலை. இரண்டு நாள் தண்ணீர் விடாவிட்டாலும் அடி மண் ஈரமாக இருந்தது. மகன் ஒவ்வொரு ஞாயிறும் வந்து பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. அவன் ஒன்றும் சொல்லாததே எனக்குப் பெரிய சான்றிதழ்.

புரட்டாசி பிறந்தது. அக்கா மாதம் முழுக்க விரதம், வீட்டில் கவிச்சி வாடையே கிடையாது. சனிக்கிழமைகளில் பெருமாளுக்குப் படையல் போடுவார், அன்றைக்கு ஒரு கொத்துத் துளசி போதாது, தட்டு நிறைய வேண்டும். அதற்காகவே நான் வெள்ளிக்கிழமை துளசியில் கை வைப்பதில்லை.

கடைசிச் சனிக்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம். இலை நறுக்குகிறவர் காய்ச்சலென்று அன்று வேலைக்கு வரவில்லை. ஆனால் வெள்ளைச் சாக்கு வழக்கமான இடத்திலேயே படிக்கட்டுக்கு அடியில் இருந்தது. வாழைநாருக்குப் பதிலாக நைலான் கயிறு கட்டியிருந்தது. தூக்கும்போது வழக்கத்தைவிடக் கனம். இரண்டையும் கவனித்தேன், இரண்டையும் பற்றி யோசிக்கவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது. பெட்டியில் ரச வாசம் அடித்தபோதுகூட யாரோ சாப்பாடு கட்டி எடுத்துப் போகிறார்கள் என்று நினைத்தேன். என் புத்தியை எந்தச் செருப்பால் அடிப்பது.

கிள்ளானில் இறங்கும்போது கொட்டுகிற மழை. வீட்டுக்கு வந்து, ஒரு கையில் குடை, ஒரு கையில் கயிறு, செம்பருத்தியிலிருந்து துளசி வரைக்கும் மூட்டையைக் கவிழ்த்தேன். ரேக்கால் இரண்டு இழுப்பு. தொப்பலாக நனைந்து உள்ளே போய்விட்டேன்.

காலையில் காக்கைச் சத்தத்தில்தான் எழுந்தேன். கதவைத் திறந்தால் பாத்தி முழுக்கக் காக்கை, நடுவில் ஒரு பூனை. வாழையிலைகள் மடித்தபடியே கிடந்தன. மழையில் பிரிந்துபோன இலைகளில் சோறு, அப்பளம், பாகற்காய், ஆட்டெலும்பு. துளசியின் அடியில் ஒரு மீன் தலை. ஊரார் சாப்பிட்டுவிட்டு மடித்த எச்சில் இலை அத்தனையையும் நான் ரயிலேற்றிக் கூட்டிவந்து, பெருமாளுக்குப் போகிற துளசிக்குப் போர்த்தியிருக்கிறேன், அதுவும் புரட்டாசிச் சனிக்கிழமை. இலைக்காரர் வராததால் கடையில் யாரோ அவர் சாக்கில் பந்தி இலையைப் போட்டிருக்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. குப்பையைக் குப்பைச் சாக்கில்தானே போட்டார்கள்.

மணி ஏழாகப் போகிறது. மறைப்பதற்குக்கூட நேரமில்லை. கேட் திறந்தது. அக்கா ஈரத் தலையோடு, இன்றைக்குப் பெரிய தட்டோடு வந்தார். இரண்டடி வைத்தவர் நின்றுவிட்டார். பார்த்தார். புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போய்விட்டார். கேட்டை மட்டும் மெதுவாகச் சாத்தினார்.

ஒரு வசவு விட்டிருந்தால் நானும் பதிலுக்குப் பேசி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். எனக்கு அவமானம், அது போகப் போகக் கோபமாக மாறியது. போகட்டும், பெரிய பெருமாள், என் துளசியே இல்லாவிட்டால் என்ன செய்வார் என்றுகூட நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு ஞாயிறு கோயிலில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ரேக்கால் வாரினால் இலை வருகிறது, சோறு அட்டையில் ஒட்டிக்கொள்கிறது, எலும்பு பாண்டானுக்குள் சிக்குகிறது. கையால்தான் எடுக்க வேண்டும். மறுநாள் ஞாயிறு, மகன் வருவான், கெடுவும் முடிகிற வாரம். எலி ஓடுகிற பாத்தியைப் பார்த்தான் என்றால் அன்றே சிமெண்டு. குளியலறையில் துணி துவைக்கும் குட்டை ஸ்டூலை எடுத்துப் போட்டு, நத்தை எடுக்கும் இடுக்கியோடு உட்கார்ந்தேன். குந்தவில்லை, உட்கார்ந்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆறு இலை எடுத்தேன். ஸ்டூலை நகர்த்த எழுந்தால் எழ முடியவில்லை. முழங்கால் மறுபடி பூட்டிக்கொண்டது. பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் செம்பருத்திக் கிளையைத் தவிர ஒன்றுமில்லை, அது என் பாரத்தைத் தாங்காது. அப்படியே உட்கார்ந்திருந்தேன். காக்கை ஒன்று வந்து என் கால் பக்கத்திலேயே அப்பளத்தைக் கொத்தியது.

மறுபடி கேட் திறந்தது. அக்கா. நல்ல புடவையை மாற்றிவிட்டு, பழைய கைலியும் மேலே மகனுடைய டீ-சட்டையும். இரண்டு கையிலும் பிளாஸ்டிக் பையை மாட்டி மணிக்கட்டில் ரப்பர் போட்டிருந்தார். என் பக்கம் வந்து, என் இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கி, வாசல் நாற்காலியில் உட்காரவைத்தார். பிறகு பாத்திக்குப் போய்க் குனிந்து, இலைகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

"அக்கா, நீங்க விரதம். இதெல்லாம் தொடாதீங்க."

"திரும்பக் குளிச்சுக்குவேன்."

"எச்சில் அக்கா."

"தெரியுது," என்றார்.

வீட்டுக்கு வந்த விருந்தாளி சாப்பிட்ட இலையை எடுக்கவே இந்தக் காலத்தில் ஆள் கிடையாது. யார் யாரோ முகம் தெரியாதவர்கள் தின்று மடித்த இலையை, விரதத்தில், அதுவும் எழுபது வயதில், அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் குப்பைப் பையில் போட்டார். மீன் தலையை எடுக்கும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று பை நிறைந்தது. வேலி ஓரத்துக் குழாயில் பாத்தி முழுக்கத் தண்ணீர் அடித்துவிட்டுப் போனார். பத்து மணிக்குத் தலை குளித்து மறுபடி வந்து துளசி பறித்தார். அந்தத் துளசியைப் பறிப்பாரா என்று பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். தட்டு நிறையப் பறித்தார்.

மறுநாள் மகன் காண்ட்ராக்டரையும் கூட்டிவந்தான். சும்மா அளந்து பார்க்கத்தான் என்றான். அந்த ஆள் காலணியைக் கழற்றாமலே டேப்பை இழுத்தார். மகனுடைய கண் குட்டை ஸ்டூலில் விழுந்தது. அதை உள்ளே எடுத்து வைக்க எனக்குத் தோன்றவில்லை. பிறகு நான் நொண்டிக்கொண்டு வருவதைப் பார்த்தான்.

"குந்துனீங்களா?"

"இல்ல. ஸ்டூல்ல ஒக்காந்தேன்."

"எழுந்திரிக்க முடிஞ்சிதா?"

நான் ஸ்டூலைக் காலால் ஓரமாகத் தள்ளினேன்.

"ஏம்மா, இன்னொரு தடவ அரைமணி நேரம் விழுந்து கெடக்கணுமா? யாரும் பாக்கலன்னா என்ன ஆவும்னு யோசிச்சீங்களா?"

குரல் உடைந்துபோய்த்தான் சொன்னான். ஆனால் எனக்கு அவன் குரல் காதில் விழவில்லை, அரைமணி நேரம் என்பதுதான் விழுந்தது. அது தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டு பேர். ஒருத்தி நான்.

நொண்டிக்கொண்டே வேலிக்குப் போனேன். அந்தப் பக்கம் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"என் மகன்கிட்ட நீங்க சொன்னீங்களா?"

"ஆமா."

"சொல்ல மாட்டேன்னு சொன்னீங்களே அக்கா."

"சொன்னேன். அன்னிக்கே அவனுக்குப் போனும் போட்டேன். சிமெண்டு போட்டு மூடிடுப்பான்னும் நான்தான் சொன்னேன்."

துணியை மடிப்பதை அவர் நிறுத்தவில்லை. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு மாதம் நான் மூட்டை சுமந்தது யாரோடு சண்டை போட்டு? என் கேட்டைத் திறந்து வந்து தினமும் பூப் பறிக்கிறவரோடா? அப்படியென்றால் நேற்று ஏன் அவ்வளவையும் பொறுக்கினார்? பேசாமல் விட்டிருந்தாலே போதும், காக்கையும் எலியும் அவர் வேலையை முடித்துக் கொடுத்திருக்கும்.

"நேத்து எதுக்கு அதையெல்லாம் எடுத்தீங்க?"

"நீ குந்தப் பாத்த. அதான்."

"இத மூடிட்டா உங்க பூசைக்குப் பூவு? துளசி?"

அவர் கையில் இருந்த துண்டை வேலியில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"பூ பாசார்ல கிடைக்கும்மா. நீ கிடைப்பியா?"

எனக்கு அழுகை வந்தது. மகனிடம் அழ மாட்டேன் என்று சொன்னவள் காண்ட்ராக்டர் முன்னால் நின்று அழுதேன். அந்த மனிதர் பாவம், டேப்பைச் சுருட்டிக்கொண்டு காரைப் பார்க்கப் போய்விட்டார்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது மகன் பாத்தியில் நின்று, காலால் அட்டையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். அட்டை ஊறிப்போய்ப் பிய்ந்து வந்தது. கீழே மண் கருப்பாக, பொலபொலவென்று, இரண்டு மண்புழுவோடு இருந்தது.

"இதுக்குக் கீழ புல்லே இல்லையாம்மா?"

"ரெண்டு மாசமா அதத்தான சொல்றேன்."

நான் அவனிடம் கெஞ்சவும் இல்லை, கத்தவும் இல்லை. அவர்கள் இரண்டு பேரும் பயந்தது நியாயம்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் விழுந்த மூலையில், வேலிக்கும் செம்பருத்திக்கும் நடுவில் இருக்கும் இடத்துக்குச் சிமெண்டு போடு என்றேன். பாத்தி நெடுக, பிடித்துக்கொள்ள இடுப்பு உயரத்துக்கு இரும்புக் கம்பி ஒன்று போடு. ஸ்டூலை யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடு. மிச்ச மண்ணை விட்டுவிடு. இதைச் சொல்வது எனக்குச் சுலபமாக இல்லை. அந்தக் கம்பி இல்லாமல் முடியாது என்று நானே என் வாயால் சொல்ல வேண்டியிருந்தது.

"கம்பி நான் செய்யறதில்ல ஆன்டி, வெல்டிங்காரன் வரணும்," என்றார் காரிலிருந்து திரும்பி வந்த காண்ட்ராக்டர்.

"வரச் சொல்லுங்க," என்றான் மகன்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் வேலை முடிந்தது. வெள்ளைப் பெயிண்ட் அடித்த கம்பி. ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி இருக்கிறது என்று மகனிடம் ஒரு மாதம் சொல்லிக்காட்டினேன். இலை நறுக்குகிறவர் காய்ச்சல் தேறி வந்து, நடந்ததைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். இப்போது என் சாக்கில் வாழைநாரை மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுகிறார். நானும் பிரித்து, கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் ரயிலேற்றுகிறேன். இலை மாதத்துக்கு ஐந்து மூட்டை போகிறது. புல் இல்லை.

கம்பி எனக்காகப் போட்டது. வாரத்துக்கு ஒரு தடவை, இலை பரப்பும்போது நான் அதைப் பிடிக்கிறேன். காலை ஏழு மணிக்குத் தட்டோடு வருகிறவர் தினமும் பிடிக்கிறார். தட்டைச் சிமெண்டில் வைத்துவிட்டு, இடது கையால் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஐந்து செம்பருத்தி, ஒரு கொத்துத் துளசி. இத்தனை வருடம் எதைப் பிடித்துக்கொண்டு பறித்தார் என்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. இப்போது காபி ஆறிப்போனாலும், அவர் கேட்டைச் சாத்திக்கொண்டு தன் வீட்டுக்குள் போகும் வரை நான் ஜன்னலைவிட்டு நகர்வதில்லை.